ஆப்பிள் மரப்பட்டையில் தொடங்கிய சிறுநீரக மருந்து

தேக்கா சந்தையில் பாகற்காய் வாங்கும்போது “சர்க்கரைக்கு நல்லது” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தாவரப் பொருள் ஒன்று நீரிழிவு நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்குமா? காத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் பிடித்தன.

1835இல் பெல்ஜிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். கசந்ததால் காய்ச்சல் மருந்தாகும் என்று எதிர்பார்த்தார்கள். 1880களில் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் மெரிங், அதை உட்கொண்டால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார்.

ஏன் அப்படி? நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கலந்துள்ள குளுக்கோஸைக் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு புரதம் சோடியத்துடன் சேர்த்து மீண்டும் ரத்தத்துக்கு அனுப்புகிறது. அதன் பெயர் எஸ்ஜிஎல்டி2. நீரிழிவில் குளுக்கோஸ் மிகுவதால் அது சோடியத்தையும் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. குழாயின் அடுத்த பகுதிக்குச் சோடியம் குறைவாகவே வருகிறது. ‘வடிகட்டல் போதவில்லை’ என்று எண்ணும் சிறுநீரகம், உள்ளே வரும் ரத்தக்குழாயை விரிக்கிறது. வடிகட்டியில் அழுத்தம் ஏறி, அது மெல்லச் சிதைகிறது. ஃப்ளோரிசின் அந்தப் புரதத்தை அடைத்துவிடுகிறது, அழுத்தம் இறங்குகிறது.

அப்படியானால் மரப்பட்டையையே கஷாயம் வைக்கலாமே? முடியாது. குடல் நொதி ஃப்ளோரிசினை வெட்டிவிடும். அதிலுள்ள குளுக்கோஸ் ஆக்சிஜன் வழியாக இணைந்திருப்பதுதான் காரணம். வேதியியலாளர்கள் அதை நேரடிக் கார்பன் பிணைப்பாக மாற்றினார்கள். நொதியின் கத்தி எடுபடவில்லை. டாபாக்லிஃப்லோசின், கனாக்லிஃப்லோசின் இப்படித்தான் பிறந்தன. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 4,401 நீரிழிவு நோயாளிகளிடம் கனாக்லிஃப்லோசினைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. சிறுநீரகச் செயலிழப்பு, கிரியேட்டினின் இரட்டிப்பு, சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவற்றின் கூட்டு ஆபத்து 30 விழுக்காடு குறைந்தது.

மஞ்சளின் குர்குமினும் பாகற்காய்ச் சாறும் எலிகளிடம் நம்பிக்கை தந்திருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் இவ்வளவு பெரிய சோதனையைத் தாண்டவில்லை. வெந்தயத்தின் நார்ச்சத்து குடலில் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், சரி. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். பலதுறை மருந்தகத்தில் தரும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி சாப்பிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. சிறுநீரகம் வலிக்காமலேயே கெடும். சிறுநீரில் அல்புமின் கசிவதை ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனைதான் முன்கூட்டிக் காட்டும்.

இன்னொன்று. நம் ஊர்ப் பழக்கடைகளில் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தில் கராம்பாக்சின் என்ற நச்சு உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று அது மூளையைத் தாக்கும். ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால், அந்தப் பழம் வேண்டாம்.