சென்னையா, பெங்களூரா? குடிபோகும் குடும்பத்துக்கு 25 குறிப்புகள்

இரண்டு ஊரிலும் வேலை கிடைக்கும்போல இருக்கு, எங்கே குடிபோறதுன்னு வீட்டில் தினமும் பட்டிமன்றமா? ஒருத்தர் கடற்கரை என்பார், ஒருத்தர் குளுகுளு காற்று என்பார்; அப்படிப் பேசினால் முடிவு வராது. பணம், தண்ணீர், பள்ளிக்கூடம், சொந்த ஊர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்குப் போட்டால், உங்க வீட்டுக்கு எது சரி என்று தெரிந்துவிடும். பேனாவும் பழைய டைரியும் எடுத்துக்கோங்க.

1. முதலில் ஊரைப் பார்க்காமல் பேட்டையைப் பாருங்க. ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில் இருந்து வீடு ஜெயநகரில் அமைந்தாலும், ஆபீஸ் சிறுசேரியில் இருந்து வீடு அம்பத்தூரில் அமைந்தாலும் கஷ்டம் ஒன்றுதான். ஆபீஸ், பள்ளி, காய்கறிக்கடை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அமைகிற பேட்டை எந்த ஊரில் கிடைக்கிறதோ, அந்த ஊருக்கு முதல் மார்க்.

2. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனால் சில்க் போர்டு சந்திப்பும் காலியாகத்தான் இருக்கும், ஓஎம்ஆரும் காலியாகத்தான் இருக்கும். கூகுள் மேப்பில் கிளம்பும் நேரத்தைத் திங்கட்கிழமை காலை 9 மணி என்று மாற்றிப் பாருங்க. காசு செலவில்லாமல் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

3. சென்னையில் மின்சார ரயில் செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஓடுவதால், சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வாடகை குறைந்த இடத்தில் இருக்கலாம். பெங்களூரில் அந்த வசதி அவ்வளவு இல்லை. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பிடித்தால்தான் லாபம். அங்கே 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் ஏறி அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது, அதனால் தினப் பயணச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்க.

4. வீட்டுப் பெண்களுக்கு இரண்டு மாநிலத்திலும் இலவச பஸ் உண்டு. தமிழ்நாட்டில் 2021-லிருந்தும், கர்நாடகாவில் 'சக்தி' திட்டமாக 2023 ஜூனிலிருந்தும் சாதாரண பஸ்களில் போகலாம். கர்நாடகாவில் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை காட்டணும். அங்கே போவதாக இருந்தால் ஆதாரில் முகவரி மாற்றும் வேலையை முதல் மாதமே முடிச்சுடுங்க.

5. சொந்த ஊர் எந்தப் பக்கம் என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். சேலத்திலிருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர், சென்னை சுமார் 340. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பெங்களூருதான் கிட்டம். விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர் பக்கம் என்றால் சென்னை. மதுரைக்காரர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

6. பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் பள்ளிக்குத் தொடர்ந்து லீவு வரும். கர்நாடகாவில் சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும், ஆனால் தசராவுக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும். எந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போவது வழக்கம் என்று பார்த்து முடிவெடுங்க. ரயிலில் 60 நாளைக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வெச்சால் ஆம்னி பஸ்ஸுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம்.

7. அடிக்கடி வெளியூர் விமானம் ஏறும் வீடா? சென்னை விமான நிலையம் ஊருக்குள்ளேயே மீனம்பாக்கத்தில், மெட்ரோ வாசல் வரைக்கும் போகிறது. பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வெளியே தேவனஹள்ளியில். டாக்ஸிக்குப் பதில் 'வாயு வஜ்ரா' பஸ்ஸில் ஏறினால் நல்ல மிச்சம்.

8. தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் போடாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இதைச் சொல்லி பேரம் பேசலாம். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம், இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருபவர்களும் இருக்காங்க. அவ்வளவு பணம் வட்டியில்லாமல் முடங்கும் என்பதையும் கணக்கில் எழுதுங்க.

9. பெங்களூரில் வீடு காலி பண்ணும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சகஜம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்க. குடிபோகும் நாளில் சுவர், குழாய், ஸ்விட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பின்னால் சண்டை வராது.

10. மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் லீஸ், அதாவது போகியம், பெங்களூரில் நிறைய. கையில் பணம் சும்மா இருப்பவர்களுக்கு அது லாபம்தான். ஆனால் பத்திரத்தைப் பதிவு செய்யாமலும், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கா என்று வில்லங்கம் பார்க்காமலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.

11. தண்ணீர் விஷயத்தில் எந்த ஊரும் உத்தமம் இல்லை. சென்னை 2019 கோடையில் தவித்தது, பெங்களூரு 2024 கோடையில் தவித்தது. வீட்டுக்கு வருவது குடிநீர் வாரியத் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கரா என்று முதலில் கேளுங்க. போன ஏப்ரல், மே மாத டேங்கர் பில்லைக் காட்டச் சொன்னால் நிஜம் வெளியே வரும்.

12. உப்புத் தண்ணீரைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம், குளியலறைக் குழாயைப் பாருங்க. வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தால் வாஷிங் மெஷினுக்கும் கீஸருக்கும் சீக்கிரம் செலவு வரும். வாடகை கொஞ்சம் கூடினாலும் நல்ல தண்ணீர் வீடே சிக்கனம்.

13. சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் வாட்ச்மேனிடமும் தெருமுனை அண்ணாச்சி கடையிலும் ஒரே கேள்வி கேளுங்க: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எது வரைக்கும் வந்தது? புரோக்கர் சொல்லாததை அவங்க சொல்லுவாங்க. பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோடு, சர்ஜாபூர் ரோடு பக்கம் பார்ப்பவர்கள் 2022 செப்டம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கலாம்.

14. தமிழ்நாட்டில் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, முதல் 100 யூனிட் இலவசம். கர்நாடகாவில் மாதா மாதம் பில். 'கிருஹ ஜோதி' திட்டத்தில் 200 யூனிட் வரைக்கும் இலவசம் என்றாலும், பழைய சராசரி உபயோகத்தோடு 10 சதவீதம் கூட்டித்தான் அளவு நிர்ணயிப்பாங்க. வாடகைக்கு இருப்பவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரரிடம் மீட்டர் எண்ணை மறக்காமல் வாங்கிக்கோங்க.

15. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏசி இல்லாமலே சமாளிக்கும் வீடுகள் நிறைய. ஆனால் அங்கே கீஸர் வருஷம் முழுக்க ஓடும். சென்னையில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும். ஏசி பில்லை மட்டும் பார்க்காமல் இரண்டையும் சேர்த்து ஒப்பிடுங்க.

16. வயசானவர்கள் வீட்டில் இருந்தால் அவங்க உடம்பைக் கேட்டு முடிவெடுங்க. மூச்சிரைப்பு, மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பெங்களூரின் டிசம்பர், ஜனவரிக் குளிர் சிரமம் தரலாம். வெயில் தாங்காதவர்களுக்குச் சென்னையின் மே மாதம். இரண்டு ஊரிலும் அந்தந்த மாதத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்கவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

17. பெங்களூரில் குளிர் மாதங்களில் இட்லி மாவு பொங்க நேரம் எடுக்கும். அடுப்பு அணைத்த மேடைப் பக்கம் பாத்திரத்தைத் துணி சுற்றி வையுங்க. சென்னையில் அதற்கு நேர்மாறு, மே மாதம் மதியத்துக்குள் மாவு புளித்துவிடும், அதனால் கொஞ்சமாக ஆட்டுங்க. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பேட்டைகளில் அப்பளமும் உப்பும் நமுத்துப்போகும், இரும்பு பீரோவும் துருப்பிடிக்கும்.

18. பெங்களூரில் காய், பழம் வாங்க ஹாப்காம்ஸ் கடைகளைப் பழகிக்கோங்க, பாலுக்கு நந்தினி பூத் இருக்கு. பொன்னி அரிசிக்குப் பழகின வாய்க்கு அங்கே சோனா மசூரிதான் முதலில் கிடைக்கும்; ஊருக்குப் போய் வரும்போது ஒரு மூட்டை எடுத்து வந்தால் மாறுவது சுலபம். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நம்ம ஊர்ச் சாமான் தாராளமாகக் கிடைக்கும்.

19. கர்நாடகப் பள்ளிகளில் 2015 சட்டப்படி கன்னடம் ஒரு பாடம், தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி தமிழ். ஒன்றாம் வகுப்பில் இருந்தால் குழந்தை எந்த மொழியும் பிடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புக்கு மேல் புது எழுத்து கஷ்டம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு நடுவில் மட்டும் ஊர் மாறவே மாறாதீங்க.

20. இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறாங்க: கல்லூரி சீட். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங் பிளஸ் டூ மார்க்கை வைத்து நடக்கிறது, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தேவையில்லை, வெளியே படித்த நம்ம பிள்ளைகளுக்கு அது வேண்டும். கர்நாடகாவில் சிஇடி நுழைவுத் தேர்வு. பொது விதிப்படி அங்கே ஏழு வருஷமாவது படித்திருக்கணும், அதனால் எந்த வகுப்பில் மாறினால் எத்தனை வருஷம் சேரும் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்க.

21. சாதிச் சான்றிதழ் ஊர் மாறினால் கூடவே வருவதில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, இடம்பெயர்ந்தவர்களுக்குப் புது மாநிலத்தின் இட ஒதுக்கீடு பொதுவாகக் கிடைக்காது. பிள்ளைகள் தமிழ்நாட்டுச் சலுகையை நம்பி இருந்தால், ஊரில் வாங்கிய சான்றிதழ்களை எல்லாம் பத்திரமாக ஃபைலில் வையுங்க.

22. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஓசூர். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் தினமும் போய் வரலாம், பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளியிலேயே படிக்கலாம், ரேஷன் கார்டும் மாறாது. டோல் கட்டணத்துக்கு மாத பாஸ் விலையைக் கேட்டு வாடகை மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

23. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்றணும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கி, புது ஊரில் வாழ்நாள் வரி கட்டி, பழைய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். பழைய கார் என்றால் ஊரிலேயே விற்றுவிட்டுப் போவது பல சமயம் மலிவு.

24. கேஸ் இணைப்பை மாற்ற சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட் பணத்தோடு மாற்றல் சீட்டும் வாங்குங்க; அடுப்பு மட்டும் உங்களோடு வரும். ரேஷனைப் பொறுத்தவரை 'ஒரே நாடு ஒரே ரேஷன்' மத்திய திட்டத்தில் வரும் கார்டுகளுக்கு மட்டும், அதுவும் அரிசி, கோதுமைக்குத்தான். நம்ம ஊர் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டாது. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 போதும்.

25. நல்ல நாள் பார்க்கிற பழக்கம் கெடுபிடியாக இல்லாத வீடு என்றால் ஆடி மாதம் மாறுங்க, லாரிக்காரரும் வீட்டுக்காரரும் பேரத்துக்கு இறங்கி வருவாங்க. சென்னைக்கு வருபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களைத் தவிர்த்துடுங்க. நகை, பத்திரம், பள்ளி டிசி எல்லாம் லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்க. எந்த ஊர் ஆனாலும் முதல் வருஷம் வாடகைதான். பெங்களூரில் காதா, சென்னையில் பட்டா விவரமெல்லாம் புரிந்த பிறகு சொந்த வீடு பேசிக்கலாம்.

கணக்கெல்லாம் எழுதி முடித்ததும் ஒரு தாளில் இரண்டு ஊர்ப் பேரையும் போட்டு, பாட்டி முதல் பேத்தி வரைக்கும் எல்லோரையும் மார்க் போடச் சொல்லுங்க. தினமும் ஆபீஸ் போகிறவருக்கும் வீட்டைச் சமாளிக்கிறவருக்கும் மட்டும் ஆளுக்கு இரண்டு ஓட்டு. அதிக மார்க் வாங்கின ஊருக்குப் பெட்டியைக் கட்டுங்க தோழிகளே, பால் காய்ச்சும் நாளுக்கு எங்க வாழ்த்து!