புலால் நீத்தாரும் புரதச் சத்தும்

ஆளவி நகரத்து ஏழை உழவன் ஒருவனின் வரலாறு தம்மபத உரையிற் காணப்படுகின்றது. பகவன் அந்நகருக்கு எழுந்தருளிய நாளில், அறவுரை கேட்க விழைந்திருந்த அவ்வுழவனுடைய எருது காணாமற் போயிற்று. அவன் அலைந்து தேடி அதனைக் கண்டுபிடித்து மந்தையிற் சேர்த்தபின், உணவும் கொள்ளாமல் சபைக்கு ஓடி வந்தான். அதுவரை உரை தொடங்காது அமைதியாய் அமர்ந்திருந்த பகவன், அவனைக் கண்டதும் முதலில் வினவியது, உணவு மீதம் உண்டா என்பதே. அவன் வயிறார உண்டு இளைப்பாறிய பின்னரே அறவுரை தொடங்கிற்று. பசியால் வருந்துகின்றவன் தம்மத்தை உணர மாட்டான் எனப் பின்னர் பிக்குகளுக்கு அவர் விளக்கினார்.

இவ்வரலாற்றை இப்பாடத்தின் முகப்பில் நாம் வைப்பதற்குக் காரணம் உண்டு. தம்மத்தைத் தழுவிய நம் குடும்பங்களிற் பல, முதற் சீலத்தை எண்ணிப் புலால் உண்பதை விட்டுள்ளன. அவ்வெண்ணம் போற்றத்தக்கது. ஆனால், சட்டியிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றும் வைக்காத வீடுகளும் உள. சோறும் புளிரசமும், சோறும் ஊறுகாயுமாக நாட்கள் கழிகின்றன. உயிர்க்கு இரங்கி எடுத்த முடிவு, தன் வீட்டுக் குழந்தையின் உடலை வாட்டுமாயின் அது முழுமையான இரக்கம் ஆகாது.

முதலில் ஓர் ஐயத்தை நீக்குவோம். புலால் மறுத்தல் பௌத்தர் அனைவர்க்கும் விதிக்கப்பட்ட கட்டளையா? பாலி வினயம் அவ்வாறு கூறவில்லை. மீனும் இறைச்சியும் பிக்குகளுக்கு முற்றாக விலக்கப்பட வேண்டுமெனத் தேவதத்தன் கேட்டபோது, பகவன் அதனை விதியாக்க இசையவில்லை. தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இருந்தால் அவ்விறைச்சியைப் பிக்கு ஏற்றலாகாது என்பதே விதி. கொல்லாமையோ அனைவர்க்கும் உரிய சீலம். உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களுள் இறைச்சி வாணிகமும் ஒன்று. ஆகவே புலால் மறுத்தல், கருணையின் வழியே ஒருவர் தாமே மேற்கொள்ளும் நோன்பு.

இன்னொன்றையும் மறத்தலாகாது. பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட தீண்டாதார் பற்றிய நூலில், பண்டு பௌத்தராயிருந்த மக்களே, மாட்டிறைச்சி உண்டதைக் காரணமாக்கி ஒதுக்கப்பட்டனர் என வாதிட்டார். பிறன் தட்டைப் பார்த்து அவன் பிறப்பை அளந்த கொடுமையை நம் முன்னோர் அறிவர். அவ்வாறு அளந்தவர்களின் நன்மதிப்பைப் பெறுவதற்காக நாம் புலாலை விடுவோமாயின், அது நோன்பன்று; அடிமைத்தனமே. புலால் உண்ணும் நம் உறவினரை இழித்துப் பேசுவோமாயின், நாமும் அதே அளவுகோலைக் கையிலெடுத்தவராவோம்.

இனிப் புரதத்திற்கு வருவோம். தசை, குருதி, தோல், முடி ஆகிய யாவும் புரதத்தால் ஆனவை. அப்புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளின் கோவையாகும். அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். சொல்லுக்கு எழுத்துகள் எப்படியோ, புரதத்துக்கு அமினோ அமிலங்கள் அப்படி. ஓர் எழுத்துக் குறைந்தால் சொல் நிறைவு பெறாது. அரிசியில் லைசின் என்னும் எழுத்துக் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவுண்டு. இரண்டும் சேர்ந்தால் குறை நிரம்பும். இட்டலியில் அரிசியோடு உளுந்தும், பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பும், அடையில் பல பருப்புகளும் சேர்த்த நம் தாய்மார், இவ்வறிவைக் கைப்பழக்கமாகவே பெற்றிருந்தனர். தென் கர்நாடகத்தில் கேழ்வரகுக் களியோடு கொள்ளும் மொச்சையும் உண்ணும் வழக்கமும் இத்தகையதே. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டுமென்பதில்லை. ஒரே நாளில் சேர்ந்தாற் போதும்.

எவ்வளவு வேண்டும்? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். தானியமே மிகுந்த உணவை உண்போர் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் எனக் கொள்வது நலம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்கு 46 முதல் 55 கிராம் வரை தேவையாகிறது. கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேலும் 22 கிராம் வேண்டும்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நால்வர் வாழும் வீட்டில் மாதத்திற்கு இரண்டு கிலோ பருப்பு வாங்குவதாகக் கொள்வோம். ஒருவருக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 17 கிராம் பருப்பே கிடைக்கும். அதில் புரதம் 4 கிராம் தான். 400 கிராம் அரிசியைச் சோறாக்கி உண்டாலும் அதில் 28 கிராம் கிடைக்கும். ஆக 32 கிராம். வயிறு நிறைகின்றது, உடலோ குறைபடுகின்றது.

அதே வீட்டில் அரிசியை 350 கிராமாகக் குறைத்து, பருப்பை 85 கிராமாக உயர்த்தி, ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையும், கால் லிட்டர் பாலோ தயிரோ சேர்த்தால் கணக்கு மாறுகின்றது. அரிசியில் 24, பருப்பில் 19, நிலக்கடலையில் 7, பாலில் 8; ஆக 58 கிராம். இறைச்சி ஒரு துண்டுமின்றித் தேவை நிறைவேறிவிட்டது.

பருப்பின் விலை எங்ஙனம் தாங்கும் என வினவுவோர் உண்டு. துவரம்பருப்பு ஒன்றே பருப்பன்று. கொள்ளு, காராமணி, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றுள் அவ்வப்போது விலை குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றுள் ஒவ்வொன்றும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராமோ அதற்கு மேலோ புரதம் தருவது. நிலக்கடலை 25 கிராம் தருகின்றது. சோயா மொச்சை அதனினும் மிகுதி. கொள்ளை வேகவைத்த நீரை மட்டும் சாறாக்கிவிட்டுப் பயற்றை ஒதுக்குதல் கூடாது. புரதத்தின் பெரும்பகுதி பயற்றிலேயே தங்கியுள்ளது. ஊறவைத்து முளைகட்டினால் செரிமானம் எளிதாகும்.

ஆயினும் வாங்கினால் மட்டும் போதாது. பங்கீட்டையும் நோக்க வேண்டும். குழம்பின் அடியில் தங்கிய பருப்பு முதலில் உண்ணும் ஆண்மக்களின் சோற்றில் விழுகின்றது. இறுதியில் உண்ணும் தாய்க்கு மேலே நின்ற நீரே மிஞ்சுகின்றது. கருவைச் சுமப்பவளும் பாலூட்டுபவளும் அவளே. ஆளவியில் பசித்தவனுக்காகச் சபை முழுவதும் காத்திருந்தது. நம் வீட்டில் தாய் அமரும்வரை நாம் காத்திருத்தல் அரிதோ?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பி-12 என்னும் உயிர்ச்சத்து பருப்பிலும் கீரையிலும் இல்லை. பாலும் தயிரும் அதனை ஓரளவு தரும். முட்டை உண்போர்க்கு அதிலும் கிடைக்கும். இவை யாவற்றையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொள்ள வேண்டும். சிறுநீரக நோயால் புரதத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள், இப்பாடத்தின் அளவை விடுத்து மருத்துவர் சொல்லையே பின்பற்றுக.

உபாசக உபாசிகையரே! ஆறாண்டுக் கடுந்தவத்தால் எலும்பும் தோலுமாகிய போதிசத்துவர், சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்ட பின்னரே போதியடியில் அமர்ந்தார். உடலை வாட்டுதல் நம் நெறியன்று. இவ்வாரம் ஒவ்வொரு நாளும் உலையில் இட்ட பருப்பின் அளவையும், அதனை யார் யார் எவ்வளவு உண்டனர் என்பதையும் ஒரு தாளிற் குறித்து வாருங்கள். அடுத்த உபோசத நாளிற் கூடும்போது அக்கணக்கை ஒருங்கே நோக்குவோம். விட்டது இன்னதெனக் கூறுவதோடு, அதன் இடத்தில் வைத்தது இன்னதெனவும் நாம் கூறக்கூடியவராவோம்.

பாட வினாக்கள்

1. தேவதத்தன் கேட்ட விதியைப் பகவன் ஏற்றாரா? அதனால் நாம் அறிவது யாது?
2. அரிசியும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவது எங்ஙனம்?
3. உம் எடைக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்? நேற்று எவ்வளவு உண்டீர்?
4. உம் வீட்டில் இறுதியில் உண்பவர் யார்? அவர் தட்டில் விழுவது யாது?