பையில் போனா, கையில் பேண்டா? காலடி எண்ணுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"தினமும் நடங்க" என்று டாக்டர் சொல்லியாயிற்று. நடக்கவும் தொடங்கியாயிற்று. ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்போதுதான் கேள்வி வருகிறது: இருக்கிற செல்போனே போதுமா, காசு கொடுத்து ஃபிட்னெஸ் பேண்ட் வாங்க வேண்டுமா?

இரண்டுக்குள்ளும் வேலை செய்வது ஒரே வகைச் சென்சார்தான். ஆக்சலரோமீட்டர் என்று பெயர். முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று திசை அசைவுகளையும் அளந்து, நடைக்கே உரிய தாளம் அதில் தெரிந்தால் அடியாகக் கணக்கில் சேர்க்கும். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ் இதற்கென்று தனிச் சிப்போடு வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 4.4-இலும் அடி எண்ணும் சென்சாருக்கு வழி செய்யப்பட்டது. ஆக, இன்று நம் கையில் இருக்கும் பெரும்பாலான போன்களுக்கு எண்ணத் தெரியும்.

பேண்ட் என்றாலே கூடுதல் துல்லியம் என்பதும் உறுதியில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, கால்சட்டைப் பையில் இருந்த போன்களையும் உடம்பில் அணிந்த கருவிகளையும் சோதித்தார்கள். முடிவு 2015-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. போன்கள் உண்மை எண்ணிக்கையிலிருந்து ஏறக்குறைய 7 சதவீதத்துக்குள்தான் விலகின. அணியும் கருவிகளில் சில மிகச் சரியாக இருந்தன. ஒன்று மட்டும் 22 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. எனவே முடிவு செய்ய வேண்டியது எந்தக் கருவி உயர்ந்தது என்பதையல்ல. நீங்கள் நடக்கும் நேரத்தில் எது உங்கள் உடம்போடு இருக்கிறது என்பதைத்தான்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் போன் பகல் முழுக்க எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.
அலுவலகம் போகிறவரின் சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ போன் எப்போதும் கூடவே போகும். வீட்டில் இருக்கும் பெண்ணின் நிலை வேறு. புடவைக்கும் நைட்டிக்கும் பை கிடையாது. போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடக்கும். அவர் வாசல் தெளிக்கப் போவார், துவைத்த துணியோடு மொட்டை மாடி ஏறுவார், காய்கறி வண்டிக்கு ஓடுவார், பள்ளி வேன் வந்ததும் தெருமுனைக்குப் போவார். மாலையில் போன் காட்டும் எண்ணில் இதில் ஓர் அடிகூட இருக்காது. 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, 111 நாடுகளைச் சேர்ந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் போன் பதிவுகளைத் திரட்டியது. அதில் உலகச் சராசரி 4,961 அடி. இந்தியச் சராசரி 4,297. இந்திய ஆண்கள் 4,606, பெண்கள் 3,684. நம் பெண்கள் குறைவாக நடக்கிறார்கள் என்று இதைப் படித்ததும் சொல்லிவிடுவது எளிது. கூடவே வராத போன் எந்த நடையையும் எண்ணாது என்பதை மறந்துவிட்டு அப்படிச் சொல்வது நியாயமல்ல.

2. வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் போனிலேயே எண்ணிப் பாருங்கள்.
ஐபோனில் ஹெல்த் செயலி தானாகவே எண்ணும். ஆண்ட்ராய்டில் நீங்கள் பயன்படுத்தும் உடற்பயிற்சிச் செயலிக்கு 'உடல் செயல்பாடு' அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் போன் அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். எண்ணிக்கை குறைகிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

3. நூறு அடி சோதனை செய்யுங்கள்.
மொட்டை மாடியிலோ தெருவிலோ நின்று, திரையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேகத்தில், வாய்விட்டு எண்ணியபடி நூறு அடி வையுங்கள். நின்று, திரை புதுப்பித்துக்கொள்ள அரை நிமிடம் பொறுத்து, மறுபடி பாருங்கள். 95-லிருந்து 105-க்குள் கூடியிருந்தால் நல்ல கருவி. அடுத்து, ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு நூறு அடி. பிறகு வீட்டுக்குள் இங்கும் அங்குமாக நூறு அடி. இந்த மூன்று எண்களும் எந்த விளம்பரத்தையும்விட உங்களுக்கு அதிகம் சொல்லும். தூரத்தையும் சரிபார்க்க விரும்பினால் 400 மீட்டர் ஓட்டப்பாதை உள்ள மைதானத்தில் ஒரு சுற்று வாருங்கள். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துக்காக மாவட்டந்தோறும் தேர்ந்தெடுத்த 8 கிலோமீட்டர் நடைபாதைகளும் இதற்கு உதவும்.

4. போனை உடம்போடு ஒட்டி வையுங்கள்.
கால்சட்டையின் முன்பை மிக நல்ல இடம். சட்டைப்பையும் பரவாயில்லை. தோளில் தொங்கும் பெரிய கைப்பையில் சாவி, பர்ஸ், தண்ணீர் பாட்டிலோடு கிடக்கும் போனுக்கு நடையின் தாளம் மங்கலாகத்தான் எட்டும். பை இல்லாத உடையில் வாக்கிங் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் சிறு பை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். சுடிதார் தைக்கும்போதே பக்கத்தில் ஒரு பை வைக்கச் சொல்வது இன்னும் நல்லது.

5. பேண்டைச் சரியாகக் கட்டுங்கள், விவரங்களைச் சரியாகக் கொடுங்கள்.
அதிகம் பயன்படுத்தாத கையில், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாமலும் இறுக்காமலும் கட்ட வேண்டும். எந்தக் கை என்பதைச் செயலியிலும் குறிப்பிடுங்கள். உயரத்தையும் சரியாகப் பதியுங்கள். பல கருவிகள் உயரத்தை வைத்துத்தான் ஓர் அடியின் நீளத்தைக் கணித்துத் தூரம் சொல்கின்றன.

6. மெதுவாக நடப்பவர்களுக்கு இடுப்பைத் தேர்ந்தெடுங்கள்.
கைத்தடி ஊன்றியோ வாக்கர் பிடித்தோ நடக்கும் பெரியவர்களின் மணிக்கட்டு அதிகம் வீசாது. பேண்ட் அவர்கள் நடையில் பெரும்பகுதியைத் தவறவிடலாம். இடுப்பில் செருகும் சாதாரணப் பெடோமீட்டரோ (அடி எண்ணும் சிறு கருவி) இடுப்புப் பையில் வைத்த போனோ அவர்களுக்குப் பொருத்தம். பேரனோ பேத்தியோ பேண்ட் பரிசளிக்க நினைத்தால், முதலில் அதைத் தாத்தாவுக்குக் கட்டிவிட்டு மேலே சொன்ன நூறு அடி சோதனையைச் செய்து பார்க்கட்டும்.

7. வேகத்தையும் பாருங்கள்.
நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு அடி என்பது பெரியவர்களுக்கு மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. நாள் முழுக்கச் சேர்ந்த மொத்த அடிகளோடு, இப்படித் தொடர்ச்சியாக நடந்த நிமிடங்களையும் கவனித்தால்தான் கணக்கு முழுமையாகும்.

8. வாங்குவது என்று முடிவு செய்தால் பயன்படும் அம்சங்களுக்குப் பணம் கொடுங்கள்.
ஒரு வாரமாவது நிற்கும் பேட்டரி, வெயிலில் படிக்க முடிகிற திரை, பாத்திரம் துலக்கினாலும் நீந்தினாலும் தாங்கும் 5 ஏடிஎம் நீர்த்தடுப்பு, கடையில் மாற்று வார் கிடைக்கும் மாடல்: அடி எண்ண இவை போதும். பேட்டரிக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. சார்ஜில் கிடக்கும் பேண்டும் எண்ணாது.

செய்யக்கூடாதவை

1. 10,000 அடியை மருத்துவச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.
அந்த எண் ஆய்வகத்திலிருந்து வந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், யமாசா என்ற ஜப்பான் நிறுவனம் விற்பனைக்கு விட்ட பெடோமீட்டரின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருள் கொண்டது. 2019-இல் சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு இறப்பு ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 2022-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் பலன் உயர்ந்து பிறகு சமநிலைக்கு வந்தது. மூவாயிரம் நடப்பவர் நாலாயிரத்துக்கு உயர்வதே பெரிய வெற்றி.

2. இரண்டு கருவிகளின் எண்களைக் கூட்டாதீர்கள், கலக்காதீர்கள்.
போனும் பேண்டும் எண்ணியது ஒரே கால்களைத்தான். ஒன்றை முதன்மை மூலமாகச் செயலியில் தேர்ந்தெடுங்கள். சென்ற மாதம் போன், இந்த மாதம் பேண்ட் என்று மாறினால், இரண்டு மாத எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கருவி மாறிய நாளிலிருந்து புதுக் கணக்கு தொடங்குங்கள்.

3. கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பிடாதீர்கள்.
2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளை 60 பேருக்கு அணிவித்துச் சோதித்தது. இதயத்துடிப்பை அவற்றில் ஆறு 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. எரித்த கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். 300 கலோரி எரித்துவிட்டோம் என்று கணக்குப் பார்த்து இரண்டு வடையை எடுத்தால், நடந்த நடை அதிலேயே போய்விடும்.

4. கட்டிக்கொண்டாலே எடை குறையும் என்று எண்ணாதீர்கள்.
பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளைஞர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தது. உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் எல்லோருக்கும் உண்டு; பாதிப்பேருக்கு மட்டும் கூடுதலாக அணியும் கருவி. 2016-இல் வந்த முடிவில், கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ. எண்ணிக் காட்டுவதோடு கருவியின் வேலை முடிந்தது. எழுந்து நடப்பது நம் பொறுப்பு.

5. பயணத்தையும் கைவேலையையும் நடையாக எண்ணி மகிழாதீர்கள்.
மேடுபள்ளச் சாலையில் பைக் ஓட்டினால் சில அடிகள் சேரக்கூடும். துணி அலசும்போதும் சப்பாத்தி தேய்க்கும்போதும் பேண்டுக்குக் கையசைவு நடையாகத் தெரியலாம். இதற்கு நேர்மாறாக, வாளியை இடுப்பில் வைத்துப் பிடித்தபடி மாடி ஏறினாலும், குழந்தை வண்டியைத் தள்ளினாலும், கை வீசாததால் நடந்த அடிகள் விட்டுப்போகும். பல கருவிகள் தொடர்ச்சியாகச் சில அடிகள் வைத்த பிறகே எண்ணத் தொடங்கும் என்பதால், அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே வைக்கும் இரண்டு மூன்று அடிகள் பெரும்பாலும் பதிவாகாது. ஒரு நாளின் எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் வாரச் சராசரியைப் பாருங்கள்.

6. போனைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்.
நம் தெருக்களில் பள்ளமும் நாயும் வண்டியும் எந்த நொடியும் எதிரே வரும். எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நின்று பாருங்கள். போனை எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியாதவர்களுக்கு, பேண்ட் வாங்க அது ஒன்றே போதுமான காரணம்.

7. நடக்கும் பாதையை ஊருக்குக் காட்டாதீர்கள்.
உடற்பயிற்சிச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் வெளியிட்ட நடை, ஓட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களின் பாதைகளே துலங்கித் தெரிந்தது 2018-இல் உலகச் செய்தியானது. தினமும் அதிகாலையில் ஒரே நேரத்துக்கு, ஒரே தெரு வழியாகத் தனியாக நடக்கும் பெண்ணின் வரைபடம் முன்பின் தெரியாதவர் கையில் கிடைக்கலாமா? எண்ணிக்கையைக் குடும்பக் குழுவில் பகிருங்கள். பாதையையும் நேரத்தையும் 'நான் மட்டும்' என்ற அமைப்பில் பூட்டி வையுங்கள்.

8. பேண்ட் சொன்னது என்று மாத்திரையை மாற்றாதீர்கள்.
இதயத்துடிப்பு, ரத்த ஆக்சிஜன் என்று திரையில் வருபவை குறிப்புகள்தான், மருத்துவப் பரிசோதனை அல்ல. நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் நின்றுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

யாருக்கு எது?

• போன் எப்போதும் சட்டையிலோ கால்சட்டையிலோ இருப்பவர்: போன் போதும்.
• காலை வாக்கிங் மட்டும் எண்ண வேண்டும் என்பவர்: இடுப்புப் பையும் போனும் போதும்.
• வீட்டு வேலை, சமையல், ஆசிரியப் பணி, நர்ஸ் பணி என்று போனைத் தள்ளி வைத்துவிட்டு நாள் முழுக்க நிற்பவர், நடப்பவர்: பேண்ட்.
• நீந்துபவர், இதயத்துடிப்பையும் தூக்கத்தையும் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்: பேண்ட்.
• தடி ஊன்றி மெல்ல நடப்பவர்: இடுப்பில் செருகும் பெடோமீட்டர்.

வீட்டில் ஒரே ஒரு பேண்ட் வாங்கத்தான் வசதி இருக்கிறது என்றால், அதைப் பையில் போன் வைத்திருப்பவருக்கு வாங்காதீர்கள். அவர் நடை ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. பை இல்லாத உடையில் விடியலிலிருந்து இரவு வரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பவர் கையில் அதைக் கட்டிவிடுங்கள். இத்தனை நாளும் யாரும் எண்ணாத நடை அவருடையதுதான்.