குழம்புக்கு வெளியே உள்ள உப்பு

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி ஏதும் காட்டாமலேயே இதயத் தமனிகளைச் சேதப்படுத்துகிறது. அதனை உயர்த்தும் காரணங்களுள் உப்பு முக்கியமானது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டதாகக் கூறும் குடும்பத்தினர் பலர், சுவைக்காக ஊறுகாயும் அப்பளமும் பரிமாறுகின்றனர். கருவாடு, மோர்மிளகாய், மிக்சர் ஆகியவற்றிலும் உப்பு மிகுதி. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்க்கப்படுவதால், சிறுநீரக நோயுள்ளோரும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது. நோயாளிக்கெனத் தனியே சமைப்பது நெடுநாள் நீடிப்பதில்லை. வீட்டில் அனைவருக்குமே படிப்படியாகக் குறைத்து வாருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அழுத்தம் சீரானாலும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம்.