மீன்தொட்டி: கேள்வி-பதில்

கேள்வி: கோரிடோரஸ் (கோரி) மீன் தொட்டிக்கு எம்-சாண்ட் போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: அதை வைத்து வீடு கட்டுங்கள். உடைத்த கல்லில் எல்லாப் பக்கமும் முனைதான்.

கேள்வி: கடற்கரை மணல்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒரு பிடியில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். சலித்துக் கழுவிய மெல்லிய ஆற்று மணல் போதும்.

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஆறு கோரி விட்டிருக்கிறேன். கடையில் சொன்னபடி நீலக் கலர் கல் மூன்று அங்குலம், அடியில் அண்டர்கிராவல் ஃபில்டர். இப்போது மீன்களின் மீசை தேய்ந்துவிட்டது. மணலுக்கு மாறினால் விஷவாயு வரும் என்கிறார் நண்பர். என்ன செய்ய? (வாசகர், கோவை)

பதில்: கல்லையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தரை வேறு, ஃபில்டர் வேறு என்று தனித்தனியாக யோசிப்பதில்தான் கோளாறே. கோரி மூக்கைத் தரையில் புதைத்து வாய் நிறைய மணலை அள்ளும். இரையை நிறுத்திக்கொண்டு மீதியைச் செவுள் வழியே தள்ளும். செவுள் மூடியின் ஓரத்தில் மணல் புகைபோல உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பட்டாணி அளவுக் கல்லில் அதற்கு வழியே இல்லை. ஆனால் கல்லின் கூர்மைதான் மீசையைத் தின்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வழவழப்பான கூழாங்கல் போட்ட தொட்டியிலும் மீசை போகிறதே! கல்லிடுக்கில் இறங்கிய தீனி மீன் வாய்க்கு எட்டாமல் அங்கேயே அழுகுகிறது. அந்த அழுக்கில் பெருகும் பாக்டீரியா மீசையை அரிக்கிறது. அண்டர்கிராவலோ தண்ணீரைக் கல் வழியாகக் கீழே இழுக்கிற ஃபில்டர். அதாவது, தொட்டியின் கசடு முழுவதையும் இந்த மீன் வாய் வைக்கும் இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதில் நன்றாக வளரும் என்பார்கள். வளரும்தான். ஏர்பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் அதே பாக்டீரியா வளரும். கசடு ஸ்பாஞ்சில் நிற்கும், பிழிந்து கொட்டிவிடலாம். அண்டர்கிராவலை அப்படியே வைத்து மேலே மணல் போடுகிற யோசனை வேண்டாம், தட்டின் ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும்.

நண்பர் சொல்லும் வாயு கற்பனை அல்ல. பல அங்குல ஆழத்துக்குக் குவித்து, யாரும் கிளறாமல் கிடக்கும் மணலில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். மேல்மணலைக் கோரியே நாள் முழுக்க உழுதுகொண்டிருக்கும். கறுத்த திட்டு தெரிந்தால் குச்சியால் கிளறுங்கள். இதற்குப் பயந்து கல்லோடு இருப்பது, வராத வாயுவுக்காக வந்த அழுகலைக் கட்டிக்கொண்டு அழுவது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள். உங்கள் தொட்டியின் பாக்டீரியா பெரும்பாலும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. புது ஸ்பாஞ்சை நான்கைந்து வாரம் பழைய ஃபில்டரோடு சேர்த்து ஓடவிட்டு, பிறகு கல்லைப் பகுதி பகுதியாக எடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுகிறவர்களை என்ன சொல்வது! குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரில் பக்கெட்டில் பிழியுங்கள். கவலை வேண்டாம், அடிவேர் அழியாதிருந்தால் மீசை மறுபடி வளரும்.

கேள்வி: கோரி அழுக்கைத் தின்னும் மீன்தானே, தனியாகத் தீனி எதற்கு? (வாசகர், மதுரை)

பதில்: எந்த மீனின் கழிவையும் அது தின்னாது. விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் பெல்லட் போடுங்கள்.