எந்த ஃபண்ட்னு கேட்கறதுக்கு முன்னாடி ஒரு டிஸ்கவரி!



"மாசம் 5,000 ரூபாய் மிச்சமாகுது. எந்த ஃபண்ட்ல எஸ்ஐபி போடலாம்?" வேலைக்குச் சேர்ந்த புதுசுல எல்லாரும் கேட்கிற கேள்விதான் இது.

"எங்களுக்கு ஒரு ஆப் வேணும்"னு கிளையன்ட் சொன்னதும், நல்ல பிசினஸ் அனலிஸ்ட் ஸ்க்ரீன் வரைய உட்கார மாட்டார். முதலில் டிஸ்கவரி. உண்மையான பிரச்சினை என்ன, அது யாரைப் பாதிக்குது, இன்றைக்கு வேலை எப்படி நடக்குதுன்னு கண்டுபிடிக்கும் கட்டம் அது. ஏன்னா, கிளையன்ட் சொல்வது தீர்வு. அனலிஸ்ட் தேடுவது தேவை.

இதையே நம்ம பணத்துக்கும் செய்யலாம். ஒரு உதாரணம் பார்ப்போம்.

1. இன்றைய நிலை: வாய்க் கணக்கு வேண்டாம். 3 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், கார்டு பில் ரெண்டையும் எடுங்க. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, மாசம் 3,000 மட்டும் கட்டறீங்கன்னு வைங்க. 3.5% வட்டி 2,100. அதுக்கு 18% ஜிஎஸ்டி 378. ஆக, அசலில் குறையறது வெறும் 522 ரூபாய்!

2. ஸ்டேக்ஹோல்டர்கள்: உங்க சம்பளத்தை நம்பி யார் யார் இருக்காங்க? வீட்டில் உட்கார்ந்து கேளுங்க. "அடுத்த வருஷம் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்"னு அம்மா அப்போதான் சொல்வாங்க.

3. அடைய வேண்டிய நிலை: "நிறைய சேமிக்கணும்" என்பது ஆசை. "10 மாசத்தில் கார்டு பாக்கி பூஜ்யம்" என்பதுதான் இலக்கு. அதை அளந்து பார்க்க முடியும்.

4. ரிஸ்க்: வரி மிச்சம்னு இஎல்எஸ்எஸ்-ல் போட்டால் 3 வருஷம் லாக்-இன். ஃபீஸ் கட்டும்போது அந்தப் பணத்தை எடுக்க முடியாது. ஆபீஸ் கொடுக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் பொதுவா வேலையை விட்டதும் நின்னுடும்.

இப்போ முதல் கேள்விக்கு வாங்க. இவருக்கு இன்றைக்குத் தேவை எஸ்ஐபியே இல்லை! மிச்சமாகும் 5,000-ஐயும் சேர்த்து கார்டுக்கு மாசம் 8,000 கட்டி, புதுசா கார்டைத் தேய்க்காம இருந்தால், சுமார் 10 மாசத்தில் கடன் முடியும். அப்புறம் அந்த 8,000 முழுசா அவர் கையில். முதலில் ஃபீஸ், அவசர நிதி. அதுக்குப் பிறகு எஸ்ஐபி.

"இப்போதைக்கு ஆப் வேண்டாம்"னு டிஸ்கவரி முடிந்தாலும் அது வெற்றிதான். தப்பான ஒன்றைக் கட்டும் செலவு மிச்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு தாளில் இந்த நாலு தலைப்பையும் எழுதி நிரப்புங்க. ஃபண்ட் பேரை அதுக்கப்புறம் தேடலாம்.