சொல்லும் மனக்காட்சியும்

சமயநல்லூரில் ஆசிரியப் பணி ஆற்றிய காலத்தில், ‘வேழம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூற இயலாத மாணவி ஒருத்தியை நூறு முறை எழுதி வருமாறு பணித்தோம். யானை, கரும்பு, மூங்கில் எனப் பிழையின்றி எழுதி வந்தாள். மறு வாரம் வினவியபோது மீண்டும் விழித்தாள். ‘மந்தபுத்தி’ என்று வகுப்பறிய உரைத்துவிட்டோம். அச்சொல் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. குறை அவளிடத்தில் இல்லை. மூங்கில் வேலியை முறித்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துள் புகும் யானையை ஒருமுறை கண்மூடிக் காணச் செய்திருந்தால், மூன்று பொருளும் ஒரே காட்சியில் நின்றிருக்கும்.

நம் முன்னோரும் நினைவிற்குத் துணை தேடியவர்களே. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் யாத்தார். அதன் பதினோராம் தொகுதியில் ஒருசொற் பல்பொருள்கள் எதுகை முறையில் அமைந்துள்ளன. திண்ணைப் பள்ளிச் சிறார் அதனைப் பாடியே நெட்டுருச் செய்தனர். ஓசை சொல்லை நாவிற்குக் கொணரும். பொருளை உள்ளத்தில் நிறுத்தக் காட்சியும் வேண்டும்.

இவ்விரண்டையும் இணைத்து, 1975-இல் அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்டு அட்கின்சனும் அவர்தம் உடனாய்வாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்க்கு மூன்று நாள்களில் 120 ருசியச் சொற்கள் கற்பிக்கப்பெற்றன. அயற்சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல்லொன்றைப் பற்றிக் காட்சி அமைத்தோர் நூற்றுக்கு 72 சொற்களையும், ஏனையோர் 46 சொற்களையும் நினைவுகூர்ந்தனர்.

பிராகிருதம் பயிலும் நம் சிறார்க்கும் இது பொருந்தும். ‘ஹத்தி’ என்றால் யானை. அத்திமரத்தடியில் யானை நிற்கட்டும். ‘மக்கட’ என்றால் குரங்கு. மக்கள் கூட்டத்தின் தலைமேல் தாவுகின்றது! (பேரப்பிள்ளைகள் இதற்குச் சிரித்தனர்; சிரித்தது மறக்கவில்லை.)

ஒத்த ஒலியைப் பெரியோர் எடுத்துக் கொடுக்கலாம்; காட்சியைப் பிள்ளையே அமைத்தல் நன்று. பொறை, அவா போன்ற சொற்களுக்கு உருவம் இல்லை. அவற்றை வீட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியோடு பொருத்துக. காட்சியும் நாளடைவில் மங்கும். ஆதலின் மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் வினவுதல் வேண்டும்.

‘நாகம்’ என்பதற்குப் பாம்பு, யானை, மலை எனப் பொருள்கள் உண்டு. இன்று மாலை விளக்கேற்றியபின் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, மூன்றையும் ஒரே படத்தில் வரையச் சொல்லிப் பாருங்கள்.